‘ஏழோ எட்டோ’ படிக்கும் மகன்

கேள்வி: 14 ஆண்டுகள் தொழில்முறை கூடைப்பந்து ஆடினேன். முழங்காலில் இரண்டாவது அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகளாகின்றன. இப்போது ஒரு சிறிய கிளப் ஒரு சீசன் ஆடக் கூப்பிடுகிறது. மனைவி கூடாது என்கிறாள். பெரிய மகன் ஏழோ எட்டோ படிக்கிறான். அவன் வாயே திறப்பதில்லை. இறுதிப் போட்டி ஒன்றில் நான்காவது கால் பகுதியில் மட்டும் 17 புள்ளிகள் எடுத்தவன் நான். அமெரிக்கக் கூடைப்பந்து நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டானே ஓய்வுக்குப் பிறகு திரும்பி வந்தாரே, நான் போகக் கூடாதா?

பதில்: அன்புச் சகோதரருக்கு,

போகக் கூடாது. முழங்காலைப் பற்றி மருத்துவர் சொல்வார். நான் உங்கள் கடிதத்தில் ‘ஏழோ எட்டோ’ என்ற இடத்தைத் தாண்டவே முடியாமல் நிற்கிறேன்.

என்றோ ஆடிய ஓர் ஆட்டத்தில் எந்தக் கால் பகுதியில் எத்தனை புள்ளிகள் என்பது பிசகாமல் நினைவிருக்கிறது. பெற்ற பிள்ளை எந்த வகுப்பு என்பது தெரியவில்லை. ஆடிக்கொண்டிருந்த காலத்தில் தெரியாமல் போயிருந்தால்கூட, ஓயாத பயணம், ஓட்டல் அறை, பயிற்சி என்று ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு ஆண்டுகளாக வீட்டில்தானே இருக்கிறீர்கள்? தினமும் உங்கள் கண் முன்னால்தானே அவன் பையைத் தூக்கிக்கொண்டு போகிறான்? நோட்டு அட்டையில் பெயருக்குக் கீழே வகுப்பு எழுதியிருக்கும். ஒருநாள் எடுத்துப் பார்த்திருக்கலாம். கடிதம் எழுதும்போது மனைவியிடமாவது கேட்டிருக்கலாம். அதுவும் தோன்றவில்லை. இந்த லட்சணத்தில் அவன் வாய் திறப்பதில்லை என்று குறை வேறு! யாரிடம் திறப்பான்?

கைதட்டல் நின்றதும் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று எழுதும் வீரர்கள் பலர். அந்த வீட்டில் மனைவியும் மக்களும் இருக்கிறார்கள் என்பது அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

ஜோர்டான் 2001-இல், 38 வயதில், வாஷிங்டன் விசார்ட்ஸ் அணிக்காகத் திரும்பினார். முதல் சீசனிலேயே முழங்கால் அறுவை சிகிச்சை. ஆடிய இரண்டு சீசன்களிலும் அணி, கோப்பைக்கான பிளே ஆஃப் சுற்றை எட்டவில்லை. ஆறு கோப்பைகள் வென்றவருக்கே அந்தக் கதி. முன்மாதிரி வேண்டுமென்றால் இன்னோர் அமெரிக்க வீரர் டேவ் பிங்கைப் பாருங்கள். டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியின் நட்சத்திரமாக இருந்தபோதே, ஆட்டமில்லாத மாதங்களில் வங்கி வேலைக்குப் போனார். 1978-இல் ஓய்வு பெற்று, 1980-இல் சொந்தமாக எஃகு நிறுவனம் தொடங்கினார். 2009-இல் டெட்ராய்ட் நகர மேயரானார். ஓய்வுக்குப் பிந்தைய பிழைப்பை ஆடும்போதே கற்றுக்கொண்டவர் அவர்.

உங்கள் மனைவி 14 ஆண்டுகள் வீட்டை ஒற்றை ஆளாகத் தாங்கியிருக்கிறார். அவர் கூடாது என்றால் கூடாதுதான். ஒரு குடும்பத்தில் அந்தச் சொல்லுக்கு மேல் கிளப்பின் சொல் நிற்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அவரை அனுப்பாமல் நீங்களே போங்கள். ஆசிரியர் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

கிளப்புக்கு இன்றே மறுப்புச் சொல்லிவிட்டு, பயிற்சியாளர் உரிமத்துக்கான படிப்பில் சேருங்கள். ஏதாவது ஒரு ஜூனியர் அணிக்கு உதவிப் பயிற்சியாளராகப் போங்கள். சம்பளம் குறைவென்று முகம் சுளிக்காதீர்கள். பயிற்சி நேரத்தை மட்டும் மனைவியிடம் கலந்து பேசி முடிவு செய்யுங்கள். மாலைப்பொழுது முழுவதையும் மறுபடியும் மைதானத்துக்கே எழுதிக்கொடுத்துவிட வேண்டாம்.