தினமும் புலம்பும் மகள், கூப்பிட்டுக்கொள்ளத் துடிக்கும் அம்மா

வணக்கம் அம்மா.

உங்கள் மடலை நிதானமாகப் படித்தேன். ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்சில், அதாவது மாணவர் பரிமாற்றத் திட்டத்தில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கும் மகள் தினமும் போனில் சொல்லும் குறைகளை வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். வங்கிக் கணக்கு திறக்க முடியவில்லை. குரூப் பிராஜெக்ட்டில் யாரும் அவளைப் பேச்சில் சேர்த்துக்கொள்வதில்லை. வாரத்துக்குப் பத்து மணி நேரம்தான் வகுப்பு. முதல் கட்டுரைக்கு 20-க்கு 13தான் போட்டிருக்கிறார்கள். வாஷிங் மெஷினில் எந்தப் பட்டனை அமுக்குவது என்றே தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் கீழே, "பாதியிலேயே கூப்பிட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். இந்தக் குறைகளில் ஒன்றுகூட அவளைத் திருப்பி அழைக்கப் போதுமானதில்லை. உண்மையில் அவசரமாகக் கவனிக்க வேண்டியது, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரி: "எடுக்க நினைத்த பாடம் ஒன்று இந்த செமஸ்டரில் இல்லையாம், வேறொன்று எடுத்திருக்கிறாள்." அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

முதலில் அந்த 13. 90, 95 என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தோல்வி மாதிரித்தான் தெரியும். 20-க்கு மதிப்பெண் போடும் பிரெஞ்சு முறையில் 10 எடுத்தால் தேர்ச்சி, 14 நன்று, 16 மிக நன்று. 20-க்கு 20 என்பது கட்டுரைத் தாளில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று. வந்த புதிதில் எழுதிய முதல் கட்டுரைக்கு 13 என்றால் நான் சந்தோஷப்படுவேன். பிரிட்டனுக்குப் போயிருந்தால் 70 எடுத்தாலே முதல் வகுப்பு, ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 5.0 என்றால் ஃபெயில். எண்ணை மட்டும் பார்த்து அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆனால் இந்த 13-ஐ அவளுடைய சொந்தப் பல்கலைக்கழகம் தன் மதிப்பெண்ணாக எப்படி மாற்றும், அல்லது வெறும் 'பாஸ்' என்று மட்டும் பதியுமா என்பதை இப்போதே மின்னஞ்சலில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வாய்வழி உறுதி போதாது.

பத்து மணி நேர வகுப்பு விஷயமும் இதே மாதிரிதான். ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஒரு கல்வியாண்டுக்கு 60 கிரெடிட், செமஸ்டருக்கு 30. ஒரு கிரெடிட் என்பது மாணவர் போடும் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அப்படியானால் 6 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 150 முதல் 180 மணி நேரம் செலவிட வேண்டும். வகுப்பறையில் கழிவது அதில் சிறு பங்குதான். மீதி முழுக்கப் படிப்பதும் எழுதுவதும். யாரும் விரட்ட மாட்டார்கள். அங்கே போய்ச் சறுக்கும் மாணவர்களில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். காலியாகத் தெரியும் அட்டவணையை விடுமுறை என்று எடுத்துக்கொண்டு, கடைசி மூன்று வாரத்தில் மூச்சு முட்டுகிறார்கள். நீங்கள் போனில் ஏதாவது கேட்டே ஆக வேண்டும் என்றால், "சாப்பிட்டாயா?"வுக்கு அப்புறம் "இந்த வாரம் எதைப் படிக்கச் சொன்னார்கள்?" என்று கேளுங்கள்.

வங்கிக் கணக்கு எல்லா ஊரிலும் எக்ஸ்சேஞ்ச் மாணவர்களைச் செக்குமாடாகச் சுற்றவிடும் விஷயம். கணக்கு திறக்க முகவரிச் சான்று கேட்பார்கள். அறைக்கு ஒப்பந்தம் போட வங்கிக் கணக்கு கேட்பார்கள். இரண்டுக்கும் உள்ளூர் போன் நம்பர் கேட்பார்கள். பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஒரு கடிதம் வாங்கினால் பெரும்பாலும் எங்காவது ஒரு முடிச்சு அவிழும். இங்கிருந்து நீங்கள் எதுவும் செய்ய முடியாது. செய்யவும் கூடாது என்பேன்.

குரூப் பிராஜெக்ட்தான் நிஜமாகவே வலிக்கும். நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவளுக்காக ஆங்கிலத்தில் ஆரம்பிப்பார்கள். ஐந்து நிமிடத்தில் அவர்களையும் அறியாமல் சொந்த மொழிக்குப் போய்விடுவார்கள். எல்லோரும் சிரிக்கும்போது இவளும் அரை விநாடி தாமதமாகச் சிரிப்பாள். வாட்ஸ்அப் குழுவில் முப்பது செய்தி வந்திருக்கும். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்தால் நாளைய கூட்டம் ரத்து என்பது மட்டும் புரியும். இது ஒதுக்கல் இல்லை, பெரும்பாலும் கவனக்குறைவு. தப்பிக்க ஒரு வழி உண்டு: குழுவுக்குத் தேவையான ஒரு வேலையை, தரவு அட்டவணையோ கடைசி ஸ்லைடுகளோ, "இது என் பொறுப்பு" என்று அவளே கேட்டு வாங்கிக்கொள்வது. அப்போது அவர்களே விளக்கம் சொல்ல அவளைத் தேடி வந்தாக வேண்டும்.

இத்தனை சின்ன விஷயத்துக்கு ஏன் இவ்வளவு அழுகை என்று கேட்டிருந்தீர்கள். கலெர்வோ ஓபெர்க் என்ற மானுடவியலாளர் 1960-இல் எழுதிய கட்டுரையில் கலாச்சார அதிர்ச்சியின் அறிகுறிகளைப் பட்டியலிட்டிருக்கிறார்: அற்பத் தாமதங்களுக்கு ஆத்திரம், தண்ணீரையும் சாப்பாட்டையும் படுக்கையையும் பற்றி அளவுக்கு மீறிய கவலை, சின்ன வலிக்கும் பெரிய பயம், வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்ற ஏக்கம். உங்கள் மடலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அப்படியே பொருந்துகிறது. முதலில் மகிழ்ச்சி, பிறகு சரிவு, பிறகு ஏற்றம் என்ற வளைகோட்டை ஆலோசகர்கள் நிறையச் சொல்வோம். ஆனால் எல்லோருக்கும் அந்த வரிசையில் நடப்பதில்லை. போய் இறங்கிய நாளிலேயே மிகவும் கஷ்டப்படுகிறவர்களும் உண்டு. அவள் தூங்காமல், சாப்பிடாமல், வாரக்கணக்கில் வகுப்புக்குப் போகாமல் அறையிலேயே கிடந்தால் அது வேறு விஷயம். அப்போது பல்கலைக்கழகத்தின் மனநல ஆலோசகரை உடனே பார்க்கச் சொல்லுங்கள். தினமும் போன் செய்து ஒவ்வொன்றாகத் திட்டுகிற பெண் அந்த நிலையில் இல்லை.

சரி, அந்தப் பாடம். புறப்படும் முன் அவளும் இரண்டு பல்கலைக்கழகங்களும் லேர்னிங் அக்ரிமென்ட் என்ற படிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். எந்தப் பாடம் எதற்கு ஈடு என்பது அதில் இருக்கும். பாடத்தை மாற்றினால் அந்த ஒப்பந்தமும் மாற வேண்டும், மறுபடி மூன்று தரப்பும் ஒப்புதல் தர வேண்டும். இதற்கு செமஸ்டர் தொடக்கத்தில் சில வாரங்கள்தான் அவகாசம். விட்டுவிட்டால், அங்கே நல்ல மதிப்பெண் வாங்கிய பாடமே இங்கே கணக்கில் ஏறாமல், ஊர் திரும்பி அதற்கு ஈடான தாளை ஜூனியர்களோடு உட்கார்ந்து எழுத வேண்டி வரும். ஒப்பந்தத்தைத் திருத்திவிட்டாளா என்று அவளிடம் இன்றைக்கே கேளுங்கள். புதிய பாடத்தின் பாடத்திட்டத்தை பிடிஎஃப்பாகச் சேமித்து வைக்கவும் சொல்லுங்கள். அடுத்த வருடம் இணையதளத்தில் அது இருக்கும் என்று நம்ப முடியாது.

சந்தோஷங்களைப் பற்றி உங்களிடம் அவள் சொல்லமாட்டாள். பிள்ளைகள் குறையைச் சொல்லத்தான் அம்மாவுக்குப் போன் செய்வார்கள். நன்றாகப் போகும் மாலையில் போனே வராது. பேராசிரியர் ஒருவர் "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது, சொந்தத் துறையில் கிடைக்கவே வாய்ப்பில்லாத ஒரு பாடத்தில் போய் உட்கார்ந்தது, பேருந்தில் பின்சீட்டுப் பேச்சு திடீரென்று புரிந்தது, அதே வாஷிங் மெஷினை இன்னொரு புது மாணவருக்குச் சொல்லிக்கொடுத்தது. இவை பிறகு எப்போதாவது கதையாக வரும்.

வேலைக்கு இது உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். ரெஸ்யூமேயில் வெறுமனே 'ஒரு செமஸ்டர் வெளிநாட்டில்' என்று எழுதினால் யாரும் அசரமாட்டார்கள். இன்னாரோடு, இன்ன மொழிச் சிக்கலுக்கு நடுவே, இன்ன பிராஜெக்ட்டை முடித்தேன் என்று நேர்முகத் தேர்வில் இரண்டு நிமிடம் சொல்ல முடிந்தால் அதற்கு மதிப்பு உண்டு. அந்தக் குரூப் பிராஜெக்ட்டை விட்டு ஓட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். கிளம்பும் முன் டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் சான்றிதழ்) எப்போது, எந்த முகவரிக்கு அனுப்பப்படும் என்பதையும் உறுதி செய்துகொள்ளட்டும். தேர்வு முடிந்து அது வந்துசேரப் பல வாரங்கள் ஆகலாம், இங்கே பிளேஸ்மென்ட் அதற்காகக் காத்திருக்காது.

மடலின் பின்குறிப்பு எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. "நேற்று அழுதவள் இன்று இன்னொரு செமஸ்டர் நீட்டிக்கலாமா என்று கேட்கிறாள்" என்கிறீர்கள். நீட்டிக்கலாம், ஆனால் அவள் ஆசை மட்டும் போதாது. இரண்டு பல்கலைக்கழகங்களும் சம்மதிக்க வேண்டும், விசா அல்லது தங்கும் அனுமதி காலாவதியாகும் முன் புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும், உதவித்தொகை தொடருமா என்று எழுத்தில் தெரிய வேண்டும், இங்கே கட்டாயத் தாள் எதுவும் தவறக்கூடாது. கடைசித் தேதி பெரும்பாலும் செமஸ்டர் நடுவிலேயே வந்துவிடும். முதலில் அந்த லேர்னிங் அக்ரிமென்ட்டைத் திருத்தட்டும். அதே மின்னஞ்சலில் இதையும் கேட்கட்டும். மின்னஞ்சலை அவளே எழுதட்டும், நீங்கள் வேண்டாம்.