ஆன்டிபாடி கட்டுக்கதை என்று நம்பும் அப்பாவுக்கு என்ன சொல்வது?

கேள்வி: பண்ருட்டிப் பக்கம் முந்திரித்தோப்பு வைத்திருக்கும் என் அப்பா, ஒரு மரபு மருத்துவ வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்ததிலிருந்து "கிருமியால் நோய் வருவதில்லை, உடம்பில் தேங்கும் கழிவால்தான் வருகிறது, ஆன்டிபாடி என்பது மருந்து கம்பெனிகள் கட்டிய கதை" என்கிறார். இனி எதற்கும் ஊசி போட மாட்டாராம். எப்படிப் புரியவைப்பது?

பதில்:

கிருமியால்தான் நோய் வருகிறது என்ற பாஸ்டர் சரியா, உடம்பின் நிலைதான் காரணம் என்ற பெஷாம்ப் சரியா என்ற வாதத்துக்குள் அப்பாவோடு இறங்காதீர்கள். பாஸ்டர் சாகும் தறுவாயில் "கிருமி ஒன்றுமில்லை, உடம்பின் நிலைதான் எல்லாம்" என்று ஒப்புக்கொண்டதாக ஒரு செய்தி அந்தக் குழுக்களில் சுற்றும். 1895இல் இறந்தவர் என்ன சொல்லியிருந்தாலும் தோப்பில் கிடக்கும் கண்ணாடி விரியனுக்கு அதனால் விஷம் குறையாது. கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றிலிருந்து தொடங்குங்கள். ஆன்டிபாடி என்பது உடம்புக்குள் வரும் அன்னியப் பொருளைப் பிடிக்க உடம்பே உண்டாக்கும் ஒரு புரதம். அது செய்யும் வேலையைப் பார்க்க மைக்ராஸ்கோப்கூட வேண்டாம்.

பண்ருட்டியிலோ கடலூரிலோ ஏதாவது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு அப்பாவை அழைத்துப் போய், ரத்த வகை பார்க்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல், பரிசோதனையைப் பக்கத்தில் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். ஒரு கண்ணாடித் தகட்டில் மூன்று சொட்டு ரத்தம் வைப்பார்கள். முதல் சொட்டில் நீல நிறத் திரவம், இரண்டாவதில் மஞ்சள், மூன்றாவதில் நிறமற்றது. இவைதான் ஆன்டி-ஏ, ஆன்டி-பி, ஆன்டி-டி. மூன்றிலும் இருப்பது ஆன்டிபாடி. குச்சியால் தனித்தனியாகக் கலக்கி, தகட்டை இரண்டு நிமிடம் மெதுவாகச் சாய்த்து ஆட்டினால், ஒரு சொட்டில் ரத்தம் மணல்மணலாகத் திரளும், இன்னொன்றில் வழவழவென்று அப்படியே இருக்கும். அப்பா பி பாசிட்டிவ் என்றால் மஞ்சள் சொட்டும் நிறமற்ற சொட்டும் திரளும், நீலம் திரளாது.

இதில் தவறு நடக்கும் இடங்களும் உண்டு. இரண்டு நிமிடத்துக்கு மேல் விட்டால் ஓரம் காய்ந்து திரண்டதுபோல் தெரியும். திரவத்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்காமல் மேசைமேல் விட்டுவைத்தால் வீரியம் போய்த் திரளாமலே இருந்துவிடும். அதனால்தான் ரத்த வங்கியில் தகட்டை மட்டும் நம்புவதில்லை, சோதனைக்குழாயில் திருப்பியும் பார்க்கிறார்கள். அதாவது அப்பாவின் ரத்த அணுக்களை விட்டுவிட்டு அவருடைய சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவம்) எடுத்து, வகை தெரிந்த ஏ அணுக்களோடும் பி அணுக்களோடும் கலப்பார்கள். பி வகைக்காரரின் சீரம் ஏ அணுக்களைத் திரட்டிவிடும். அந்த ஆன்டிபாடியை எந்தக் கம்பெனியும் கொடுக்கவில்லை. அவர் உடம்பிலேயே இருப்பது.

அது எப்படி அங்கே வந்தது என்பதை அப்பா கவனமாகக் கேட்கட்டும். பிறந்த குழந்தைக்குச் சொந்தமாக அந்த ஆன்டிபாடி இருப்பதில்லை, மூன்று முதல் ஆறு மாதத்தில்தான் தோன்றத் தொடங்குகிறது. குடலில் குடியேறும் பாக்டீரியாக்களின் மேற்பரப்பில் ஏ, பி வகைச் சர்க்கரைகளைப் போன்றவை இருக்கின்றன. அவற்றுக்கு எதிராக உண்டாகும் ஆன்டிபாடியே அன்னிய ரத்தத்தையும் பிடிக்கிறது என்பதுதான் இதற்கான விளக்கம். நான்கு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு ரத்த வங்கி இந்தத் திருப்பிப் பார்க்கும் சோதனையைச் செய்யாததற்குக் காரணமும் இதுதான். லாண்ட்ஸ்டைனர் ரத்த வகைகளைக் கண்டு எழுதியது 1901இல். விபத்தில் அடிபட்ட உறவினருக்குப் "பி பாசிட்டிவ்தான் வேண்டும்" என்று ஓடுகிற எவரும் ஆன்டிபாடியை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டவர்தான். வகை மாற்றி ஏற்றினால் அது அணுக்களை உடைத்து ஆளையே கொன்றுவிடக்கூடும்.

அடுத்தது பாம்புக்கடி. முந்திரித்தோப்புக்காரருக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் கிடையாது. சருகுக்கடியில் கிடப்பவை எவை என்று அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரியில் ஏஎஸ்வி என்று சொல்லும் விஷமுறிவு மருந்தில் இருப்பது குதிரையின் ஆன்டிபாடி, வேறொன்றுமில்லை. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுத்து மருந்து தயாரிப்பவர்களுக்கு விற்கிறது. அந்த விஷத்தைக் குதிரைக்கு மிகக் குறைந்த அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஏற்றுவார்கள். குதிரையின் ரத்தத்தில் அதற்கெதிரான ஆன்டிபாடி நிறையச் சேர்ந்ததும் ரத்தம் எடுத்து, பிளாஸ்மாவைப் பிரித்து, சுத்திகரித்துப் பொடியாக்குவார்கள். நம் நாட்டு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் தயாரானது. ஒரு மில்லி மருந்து 0.6 மில்லிகிராம் நல்ல பாம்பு விஷத்தையும் 0.45 மில்லிகிராம் கட்டுவிரியன் விஷத்தையும் முறிக்க வேண்டும் என்று அளவே இருக்கிறது.

இது பொதுவாகக் "கழிவு நீக்கும்" மருந்தாக இருந்தால் எந்தப் பாம்புக்கும் வேலை செய்ய வேண்டும். செய்வதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும், மூக்கு மேல்தூக்கிய குழிவிரியன் கடித்தால் இதே மருந்து பயன்படாது, ஏனென்றால் குதிரைக்கு அந்த விஷம் கொடுக்கப்படவில்லை. எதற்கு எதிராக உண்டானதோ அதை மட்டும் பிடிப்பதுதான் ஆன்டிபாடியின் அடையாளம்.

வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் எளிது. கடிபட்டவரின் ரத்தம் 2 மில்லி எடுத்து, புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். கண்ணாடி விரியன் விஷம் ஏறியிருந்தால் ரத்தம் உறையாமல் தண்ணீராக ஓடும். (பிளாஸ்டிக் குழாயும், சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயும் தவறான முடிவு காட்டும். பொறுமையில்லாமல் இடையில் சாய்த்துப் பார்ப்பதும் அப்படியே.) விஷமுறிவு மருந்து முதலில் பத்துக் குப்பி, சலைனில் கலந்து சுமார் ஒரு மணி நேரத்தில் ஏற்றுவார்கள். குழந்தைக்கும் அதே அளவுதான், பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைத்துக் கொடுப்பதில்லை. ஆறு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, இன்னும் உறையவில்லை என்றால் மேலும் கொடுப்பார்கள். ஓடிய ரத்தம் உறைவதை அந்தக் குழாயிலேயே காணலாம். குதிரைப் புரதம் என்பதால் சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரும். அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டுதான் ஏற்றுவார்கள். பக்கவிளைவே இல்லை என்று நீங்கள் அப்பாவிடம் சொன்னால், குழுவில் ஒருவர் அதை உடைத்துவிடுவார். இருக்கிறது, சமாளிக்கத் தெரியும் என்று சொல்லுங்கள்.

இனி கிருமி. "குப்பை இருந்தால் ஈ வரும், ஈ குப்பையை உண்டாக்குமா?" என்ற கேள்விதான் அவர்களுடைய பெரிய ஆயுதம். அதற்குப் பச்சிளம் குழந்தைகளுக்கு வந்த ரணஜன்னிதான் (டெட்டனஸ்) என் பதில். பிறந்து சில நாளே ஆன, தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தையின் உடம்பில் எத்தனை வருஷத்துக் கழிவு தேங்கியிருக்கும்? ஆனாலும் சுத்தமில்லாத பிளேடால் தொப்புள்கொடியை அறுத்தாலோ, அறுத்த இடத்தில் சாணம் வைத்தாலோ, ஓரிரு வாரத்துக்குள் குழந்தை பால் உறிஞ்ச முடியாமல் வாய் கிட்டித்து, உடம்பு வில்லாக வளைந்து இறந்துவிடும். மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் ஒரு பாக்டீரியாவின் விஷம் அது. கர்ப்பிணிக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டால் தாயின் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்க் காப்பாற்றுகிறது. இந்த ஊசியாலும் சுத்தமான பிரசவத்தாலும்தான், பச்சிளம் குழந்தை ரணஜன்னி ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இந்தியாவில் இல்லை என்று 2015இல் அறிவிக்க முடிந்தது.

"நோய் வந்து போனால் இயற்கையாகவே எதிர்ப்பு வந்துவிடும்" என்பதும் இந்த நோயில் எடுபடாது. ரணஜன்னி வந்து பிழைத்தவருக்கும் தடுப்பூசி போட்டாக வேண்டும். ஆளைக் கொல்லும் விஷத்தின் அளவு அவ்வளவு சிறியது, ஆன்டிபாடி உண்டாக அது போதாது.

ஆன்டிபாடி இல்லாமலே பிறக்கும் குழந்தைகளும் உண்டு. 1952இல் ப்ரூட்டன் என்ற மருத்துவர், திரும்பத் திரும்பக் கடும் தொற்று வந்துகொண்டிருந்த ஒரு சிறுவனின் ரத்தத்தில் காமா குளோபுலின் இல்லை என்று கண்டார். ஆன்டிபாடிகள் இருப்பது அந்தப் பகுதியில்தான். மற்றவர்கள் ரத்தத்திலிருந்து பிரித்த குளோபுலினை ஊசியாகக் கொடுத்ததும் தொற்று நின்றது. இன்றும் இந்தக் குறையுள்ள குழந்தைகளுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதையே ஏற்றுகிறார்கள். தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி கரையும் ஆறாவது மாதத்தை ஒட்டித்தான் இவர்களுக்கு நோய் தொடங்குகிறது. உணவும் காற்றும் தண்ணீரும் மாறவில்லை. மாறியது அந்த ஒன்றுதான்.

அப்பா சொல்வதில் உண்மையான பாதியும் இருக்கிறது, அதை முழு மனதோடு ஒப்புக்கொள்ளுங்கள். காசநோய்க் கிருமி உடம்புக்குள் போன எல்லோருக்கும் காசநோய் வருவதில்லை. வாழ்நாளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வருகிறது. சர்க்கரை நோயும் சத்துக்குறைவும் அந்த ஆபத்தைக் கூட்டும். ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் வீட்டாருக்குக் கூடுதல் உணவுப் பொருள் கொடுத்துச் செய்த ஆய்வில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது என்று 2023இல் வெளியிட்டார்கள். உடம்பின் நிலை அவ்வளவு முக்கியம். ஆனால் எவ்வளவு இளைத்த உடம்பாக இருந்தாலும் அந்தக் கிருமி போகாமல் காசநோய் வராது.

இந்த அவநம்பிக்கை வளர நம் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. அது வைடால் டெஸ்ட், அதாவது டைபாய்டு கிருமிக்கு எதிரான ஆன்டிபாடியை ரத்தத்தில் தேடும் சோதனை. காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே வைடால் எழுதி, "1:80 இருக்கிறது, டைபாய்டு" (சீரத்தை 80 மடங்கு நீர்த்த பிறகும் ஆன்டிபாடி தெரிகிறது) என்று சொல்லி ஆன்டிபயாடிக் கொடுக்கும் வழக்கம் நம் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் பரவலாக உண்டு. டைபாய்டு சாதாரணமாக உலவும் ஊரில் நல்ல ஆரோக்கியமானவருக்கும் 1:80 வரலாம். பழைய தொற்றின் ஆன்டிபாடி அது. வாசலில் கிடக்கும் பழைய செருப்பைப் பார்த்து விருந்தாளி உள்ளே இருக்கிறார் என்று முடிவுகட்டுவது போன்றது. உண்மையிலேயே டைபாய்டாக இருந்தாலும் முதல் வாரத்தில் ஆன்டிபாடி போதிய அளவு ஏறியிருக்காது. சரியான வழி, ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் முதல் வாரத்திலேயே 8 முதல் 10 மில்லி ரத்தம் எடுத்து, அதிலிருந்து கிருமியையே வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் வைப்பது. டெங்குவுக்கும் இதே கணக்குத்தான். முதல் ஐந்து நாளுக்குள் வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1, அதற்குப் பிறகு ஆன்டிபாடியைத் தேடும் ஐஜிஎம். நாள் தவறி எடுத்த டெஸ்ட் "இல்லை" என்று காட்டி, பிறகு "இருக்கிறது" என்று காட்டினால், எல்லாமே ஏமாற்று என்று ஜனங்கள் நினைப்பதில் ஆச்சரியமில்லை. பிழை டெஸ்டைப் படித்த விதத்தில் இருக்கிறது.

"ஹெச்ஐவி-யில் ஆன்டிபாடி இருந்தால் தொற்று என்கிறீர்கள், ஹெபடைடிஸ் பி-யில் இருந்தால் பாதுகாப்பு என்கிறீர்கள்" என்ற கேள்வியும் வரும். நியாயமான கேள்விதான். ஆன்டிபாடி இருக்கிறதா என்பதோடு, அது கிருமியின் எந்தப் பகுதியைப் பிடிக்கிறது என்பதும் முக்கியம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி தரும் ஆன்டிபாடி வைரஸின் மேலுறையைப் பிடித்து அது செல்லுக்குள் நுழையாமல் தடுக்கிறது. அளவு ஒரு மில்லிக்கு 10 மில்லி-யூனிட்டுக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு. ஹெச்ஐவி தன் மேலுறையை வேகமாக மாற்றிக்கொள்கிறது, செல்லின் டிஎன்ஏ-வுக்குள்ளும் போய் ஒளிந்துகொள்கிறது. உண்டான ஆன்டிபாடி பழைய உருவத்தைத்தான் பிடிக்கும். அதனால் அங்கே அது தொற்று நடந்ததற்கான சாட்சி மட்டும்.

கடைசியாக நாய்க்கடி. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். "எனக்கு நாய் கடித்தது, ஊசி போடவில்லை, ஒன்றும் ஆகவில்லை" என்று குழுவில் பத்துப் பேர் எழுதுவார்கள். அது உண்மையாகவே இருக்கும், கடிக்கிற நாய் எல்லாம் வெறிநாய் இல்லை. வெறிநாய் கடித்து இறந்தவர் வந்து எழுத முடியாது. ரேபிஸ் அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்ற வழி இல்லை என்றே சொல்லலாம். கடிக்கும் அறிகுறிக்கும் நடுவே பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஓடுகிறது. அந்த இடைவெளியில்தான் ஊசி வேலை செய்கிறது.

கடித்தவுடன் ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கடிகாரம் பார்த்துக் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. ரத்தம் வந்த காயம் என்றால் தடுப்பூசி மட்டும் போதாது. தடுப்பூசி போட்டு உடம்பே ஆன்டிபாடி உண்டாக்க ஏழு முதல் பதினான்கு நாள் ஆகும், அதுவரை தாக்குப்பிடிக்கத் தயாரான ஆன்டிபாடியைக் காயத்தைச் சுற்றியே போட வேண்டும். இம்யூனோகுளோபுலின் என்று கேளுங்கள். மனிதரிடமிருந்து எடுத்தது என்றால் கிலோவுக்கு 20 யூனிட், குதிரையிலிருந்து என்றால் 40 யூனிட். முதல் நாள் விட்டுப்போனால், முதல் தடுப்பூசியிலிருந்து ஏழு நாளுக்குள் போட்டுவிடலாம், அதற்குப் பிறகு போடுவதில்லை. தோலுக்குள் போடும் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில், ஒவ்வொரு முறையும் இரண்டு இடத்தில் 0.1 மில்லி. காயம் ஆறியதும் ஏழாம் நாளோடு நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

அப்பா எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்றுக்கொள்ள மாட்டார். அவருடைய கஞ்சி, உபவாசம், பசித்துப் புசிப்பது எதையும் தொடாதீர்கள். மூன்றுக்கு மட்டும் இப்போதே வாக்கு வாங்குங்கள்: நாய் கடித்தால், பாம்பு கடித்தால், மண்ணும் சாணமும் பட்ட ஆழமான காயம் என்றால், முதலில் ஆஸ்பத்திரி. பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டவோ கீறவோ வேண்டாம், கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து 108ஐ அழைக்கத் தோப்பில் வேலை செய்கிறவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.