கேள்வி – பதில்: கடலடியில் ஓர் அணு உலை

கேள்வி: பிரிட்டனின் அஸ்ட்யூட் நீர்மூழ்கிக் கப்பலுக்கு 25 ஆண்டுகள் எரிபொருள் நிரப்பத் தேவையில்லையாமே? அப்படியானால் அது மேலே வராமலேயே இருந்துவிடலாமா?

பதில்: எரிபொருளைப் பொறுத்தவரை இருக்கலாம், வயிறுதான் இடம் கொடுக்காது. அணு உலையின் வெப்பத்தை உயர் அழுத்த நீர் ஏந்திச் சென்று நீராவியை உண்டாக்க, அந்த நீராவி சுழலிகளை இயக்கிக் கப்பலைச் செலுத்துவதுடன் மின்சாரத்தையும் தருகிறது. அந்த மின்சாரத்தைக் கொண்டு கடல்நீரைக் குடிநீராக்கி, நீரைப் பகுத்து உயிர்வளியும் பெறுகிறார்கள். ஆனால் சுமார் 100 பேருக்கான உணவை ஏறத்தாழ 3 மாதங்களுக்கு மேல் அடுக்கிவைக்க 97 மீட்டர் நீளமுள்ள அக்கப்பலில் இடமில்லை.

கேள்வி: அதைக் கட்டி முடிக்க ஏன் அத்தனை காலம் ஆயிற்று?

பதில்: இங்கிலாந்தின் பாரோ-இன்-ஃபர்னஸ் கப்பல் தளத்தில் 2001 ஜனவரியில் வேலை தொடங்கி, 2007 ஜூனில் நீரில் இறக்கப்பட்டு, 2010 ஆகஸ்டில்தான் கப்பல் கடற்படையில் சேர்ந்தது. முந்தைய வான்கார்ட் வகைக் கப்பல்களுக்குப் பின் போதிய வேலை இல்லாமல் தேர்ந்த பொறியாளர்களும் பற்றவைப்பாளர்களும் கலைந்துபோனதே முக்கியக் காரணம் என்பேன். முப்பரிமாணக் கணினி வரைபட முறையும் கப்பல் தளத்தினருக்குப் புதிது. முடிவில் நீர்மூழ்கிக் கப்பல் கட்டும் அமெரிக்காவின் எலெக்ட்ரிக் போட் நிறுவனத்தின் உதவியை நாட வேண்டியதாயிற்று. ஒலியை உறிஞ்சுவதற்காக உடல் முழுதும் ஒட்டப்பட்ட ஓடுகளே 39,000க்கும் மேல். இத்தனை பாடுபட்டும், சேவையில் சேர்ந்த இரண்டே மாதங்களில் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவருகே அது தரைதட்டி நின்றது.