ஜாம், ஜெல்லி, மார்மலேட் என்ன வித்தியாசம்? பலாப்பழத்தில் ஜாம் போட முடியுமா?

பழத்தின் எந்தப் பகுதி பாட்டிலுக்குள் போகிறது என்று பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சதையை மசித்துச் சர்க்கரையோடு காய்ச்சினால் ஜாம். பழத்தை வேகவைத்துத் துணியில் வடியவிட்டு, அந்தச் சாற்றை மட்டும் காய்ச்சினால் ஜெல்லி. அவசரப்பட்டுத் துணியைப் பிழிந்தால் கலங்கிவிடும். ஆரஞ்சு மாதிரிப் பழங்களின் தோலையும் மெல்லிசாகச் சீவிப் போட்டால் மார்மலேட். அந்த லேசான கசப்பு எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் ஆகாது. பழம் உருக்குலையாமல் பாகில் ஊறிக் கிடந்தால் பிரிசர்வ், வடக்கே நெல்லிக்காயில் போடும் முரப்பா அந்த வகைதான். பிறந்தநாள் விருந்தில் தளதளவென்று ஆடும் ஜெல்லிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது ஜெலட்டின் அல்லது கடற்பாசி.

இனி பலா. நான் பண்ருட்டிக்காரன், கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

ஜாம் இறுகுவதற்குப் பழத்திலுள்ள பெக்டின் (கெட்டிப்படுத்தும் ஒருவகை நார்ச்சத்து), புளிப்பு, சர்க்கரை மூன்றும் கூட வேண்டும். கொய்யாவில் பெக்டின் தாராளம், அதனால் பழகாதவர்களுக்குக்கூட நன்றாக வந்துவிடும். பலாச்சுளையில் இனிப்புக்குக் குறைவில்லை, புளிப்புதான் போதாது. ஒரு கிலோ விழுதுக்கு முக்கால் கிலோ சர்க்கரை என்றால் இரண்டு எலுமிச்சம்பழமாவது பிழிய வேண்டும். பெக்டினோ, நாம் மாட்டுக்குப் போடுகிறோமே, சுளையைச் சுற்றியுள்ள சக்கை, தோலின் உட்புறம், அங்கேதான் அதிகம். அதைப் பால் போகக் கழுவி, நறுக்கி, தண்ணீரில் வேகவைத்து வடிகட்டி, அந்த நீரை விழுதோடு சேர்த்துக் காய்ச்சுங்கள்.

இறக்கும் பதம் சுமார் 105 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லையென்றால், ஃப்ரிட்ஜில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளுங்கள், மேலே சுருக்கம் விழுந்தால் சரி. அதற்கு மேல் விட்டால் மிட்டாய் ஆகிவிடும்.

வெல்லமும் நெய்யும் போட்டுச் சுருளக் கிளறினால் அது பலாப்பழ வரட்டி. ருசியில் ஜாமைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும், ஆனால் அது வேறு பண்டம்.

கடையில் வாங்குவதாக இருந்தால் லேபிளைப் படியுங்கள். நம் நாட்டு விதிப்படி ஜாமில் பொதுவாக 45 சதவீதமாவது பழம் இருக்க வேண்டும் (ஸ்ட்ராபெரிக்கும் ராஸ்பெரிக்கும் 25 போதும்), கரைந்த திடப்பொருள் 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதில் பெரும்பங்கு சர்க்கரைதான். அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் ஜாம் சீக்கிரம் பூஞ்சை பிடிப்பதில்லை. புதுச்சேரிக் கடைகளில் சர்க்கரை குறைத்த ‘ஃப்ரூட் ஸ்ப்ரெட்’ நிறையக் கிடைக்கிறது. நன்றாகவே இருக்கும், திறந்தபின் ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வைக்காதீர்கள்.

வீட்டில் போடுவதென்றால் சீசனில் முழுப் பழமாக வாங்குங்கள். உரித்த சுளையாக வாங்கினால் பெக்டினைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு வருகிறீர்கள்.