மீடியம் ஃபார்மட்டா, ஃபுல் ஃபிரேமா, ஃபிலிமா?

கேள்வி: 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமரா வைத்திருக்கிறேன். எடுப்பது பெரும்பாலும் உருவப்படங்களும் நிலக்காட்சிகளும்தான், எப்போதாவது பறவைகள். கண்காட்சிக்காக 24×30 அங்குலத்தில் அச்சிட வேண்டும். பழைய ஃபியூஜி ஜிஎஃப்எக்ஸ் 50ஆர் என்ற மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் கேமரா ஒன்று கைக்கு வருகிறது. அதை வாங்குவதா, 61 மெகாபிக்சல் சோனி ஏ7ஆர் 5-க்கு மாறுவதா? 6×7 ஃபிலிம் படங்களில் தெரியும் அந்த அழகு எதில் கிடைக்கும்?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது தெளிந்தால் மற்றவையும் தெளிந்துவிடும்.

6×7 ஃபிலிமில் ஒரு படம் ஏறக்குறைய 56×70 மி.மீ. ஃபுல் ஃபிரேம் 36×24 மி.மீ. ஜிஎஃப்எக்ஸ் கேமராக்களிலும் ஹாசல்பிளாட் எக்ஸ் வரிசையிலும் இருக்கும் சென்சார் 44×33 மி.மீ. பரப்பைக் கணக்குப் போட்டால் இந்தச் சென்சார் ஃபுல் ஃபிரேமைப் போல 1.7 மடங்குதான். 6×7 ஃபிலிமோ நாலரை மடங்கு! ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரிலிருந்து அதற்கு வரும்போதே பரப்பு 2.3 மடங்கு கூடுகிறது. நீங்கள் இப்போது யோசிக்கும் மாற்றம் அதைவிடச் சிறியது. ஃபுல் ஃபிரேமைவிடப் பெரியது என்ற பொருளில் 6×7 ஃபிலிமையும் 44×33 சென்சாரையும் மீடியம் ஃபார்மட் என்றே அழைப்பதால்தான் இவ்வளவு எதிர்பார்ப்பு.

லென்ஸையும் சேர்த்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பென்டாக்ஸ் 67 என்ற 6×7 ஃபிலிம் கேமராவுக்கான 105 மி.மீ. எஃப்/2.4 லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பும் பின்னணி மங்கலும் கூடும்) தரும் பார்வைக் கோணமும் பின்னணி மங்கலும் ஃபுல் ஃபிரேமில் வேண்டுமென்றால் 51 மி.மீ. எஃப்/1.2 தேவை. ஜிஎஃப்எக்ஸின் 110 மி.மீ. எஃப்/2 அருமையான லென்ஸ். ஆனால் ஃபுல் ஃபிரேம் கணக்கில் அது 87 மி.மீ. எஃப்/1.6. ஃபுல் ஃபிரேமுக்கு 85 மி.மீ.யில் எஃப்/1.4 லென்ஸும் எஃப்/1.2 லென்ஸும் கிடைக்கின்றன. ஆக, பின்னணி கரைவதுதான் உங்களைக் கவர்ந்த அழகு என்றால், நல்ல லென்ஸ் ஒன்றை வாங்கி இப்போதுள்ள கேமராவிலேயே மாட்டுங்கள். இதை நான் தயங்காமல் சொல்வேன்.

அடுத்து அச்சு. 24×30 என்பது 4:5 விகிதம். அந்த விகிதத்துக்கு வெட்டினால் உங்கள் 24 மெகாபிக்சல் படம் அங்குலத்துக்கு சுமார் 167 பிக்சல் தரும். தள்ளி நின்று பார்க்கப் போதும். பக்கத்தில் வந்து இலைகளையும் கண்ணிமைகளையும் தேடுபவருக்குப் போதாது. 50ஆர் தருவது 258. ஏ7ஆர் 5 தருவது 264. ஆமாம், ஃபுல் ஃபிரேம் ஓர் இழை முன்னால்! 50ஆரின் 51 மெகாபிக்சல் சென்சார், 2014-இல் பென்டாக்ஸ் 645இசட்டில் வந்த அதே தலைமுறையைச் சேர்ந்தது. ஒரே ஷட்டர் வேகத்தில் சுமார் முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) அளவுக்குக் கூடுதல் ஒளியைச் சேர்க்கும் வசதி பெரிய பரப்புக்கு உண்டு. ஆனால் இரண்டு கேமராவிலும் ஒரே எஃப் எண்ணில் எடுத்தால்தான் அது கிடைக்கும், அப்போது ஃபோகஸில் இருக்கும் ஆழம் குறையும். இதையும் தாண்டி, 50ஆரின் ஆட்டோஃபோகஸ் கான்ட்ராஸ்ட் முறையில், அதாவது லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்திக் கூர்மையைத் தேடும் மெதுவான முறையில் மட்டுமே இயங்குகிறது. பறக்கும் பறவையை மறந்துவிட வேண்டியதுதான். உடலுக்குள் அதிர்வுத் தடுப்பும் கிடையாது.

அப்படியென்றால் டிஜிட்டல் மீடியம் ஃபார்மட்டுக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது, 102 மெகாபிக்சல் கேமராக்களில். ஜிஎஃப்எக்ஸ் 100எஸ், ஹாசல்பிளாட் எக்ஸ்2டி, ஏ7ஆர் 5, 150 மெகாபிக்சல் ஃபேஸ் ஒன் ஐக்யூ4 எல்லாவற்றிலும் ஒரு பிக்சலின் அளவு 3.76 மைக்ரான்தான். ஒரே துணியில் சின்னதும் பெரியதுமாக வெட்டிய துண்டுகள் போல. பிக்சலின் தரம் கூடுவதில்லை, எண்ணிக்கை கூடுகிறது. உங்கள் அச்சில் 102 மெகாபிக்சல் அங்குலத்துக்கு 364 பிக்சல் தரும். முக்காலியில் வைத்து எடுத்த நிலக்காட்சியில், நல்ல தாளில், இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

இன்னொரு நிஜமான பலன் ஹாசல்பிளாட் எக்ஸ்சிடி லென்ஸ்களுக்குள்ளேயே இருக்கும் லீஃப் ஷட்டர், அதாவது இதழ்கள் போல விரிந்து மூடும் ஷட்டர். 1/2000 நொடியிலும் ஃபிளாஷ் முழு பலத்தோடு ஒத்துப்போகும். நடுப்பகலில் வெளியே உருவப்படம் எடுப்பவருக்கு இது பெரிய வரம். ஜிஎஃப்எக்ஸில் அந்த எல்லை 1/125, ஃபுல் ஃபிரேமில் பொதுவாக 1/200 அல்லது 1/250. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசாதது எனக்கு வருத்தம்தான்.

சரி, ஃபிலிம். 6×7-இல் அந்த அழகைத் தருவது பரப்பு மட்டுமல்ல, கலர் நெகடிவின் குணமும்தான். போர்ட்ரா 400 போன்ற ஃபிலிமில் ஒளி ஓரிரு ஸ்டாப் கூடினாலும் நெற்றியும் வானமும் மெல்ல மெல்ல வெளுக்குமே தவிர, சட்டென்று வெண்மையில் முறிந்துபோகாது. டிஜிட்டலுக்கு நேர் எதிர்க் குணம்: இருட்டை மேலே தூக்கலாம், போன வெளிச்சத்தை மீட்க முடியாது. அப்புறம் மணி மணியான அந்த கிரெய்ன். நெகடிவாக இல்லாமல் நேரே படமாகவே வரும் ஸ்லைடு ஃபிலிமில் இந்தத் தாராளம் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆனால் ஃபிலிமின் தரம் ஸ்கேனில்தான் தொலைகிறது. மேசை ஸ்கேனரில் அங்குலத்துக்கு 6400 புள்ளி என்று அச்சிட்டிருந்தாலும், அது உண்மையில் பிரித்துக் காட்டுவது 2400-க்கு அருகில்தான். அதன்படி உங்கள் அச்சுக்கு அங்குலத்துக்கு 220 பிக்சல் வரும். நல்ல மேக்ரோ லென்ஸும் ஒளிப்பலகையும் வைத்து, இப்போதுள்ள கேமராவாலேயே நெகடிவைப் பகுதி பகுதியாக எடுத்து ஒட்டினால் இதைவிட நன்றாக வரும். நெகடிவ் துளியும் வளையாமல் தட்டையாக இருக்க வேண்டும். 6×7 கேமராவில் போடும் 120 வகை ஃபிலிம் சுருள் ஒன்றுக்குப் பத்தே படம் என்பதால் வேலையும் நிதானமாகிவிடும்.

உங்களுக்கு என் யோசனை: 50ஆரை விட்டுவிடுங்கள். பறவைகளும் வேண்டுமென்றால் ஏ7ஆர் 5. பறவைகளை விட்டுக்கொடுக்க மனம் ஒப்பினால் 100எஸ். மனம் 6×7-இலேயே நிற்கிறதென்றால் ஃபிலிம் கேமராவை வாங்குங்கள். டிஜிட்டலில் அதைத் தேடிப் பணத்தைக் கரைக்காதீர்கள்.

முடிவெடுக்கும் முன் ஏ7ஆர் 5-ஐயும் 100எஸ்-ஐயும் வாடகைக்கு எடுத்து ஒரே காட்சியைப் படமெடுங்கள். ஃபோகஸ் ஆழமும் வெளிச்சமும் இரண்டிலும் ஒன்றாக இருக்க, ஃபுல் ஃபிரேமில் எஃப்/4, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400 என்றால் ஜிஎஃப்எக்ஸில் எஃப்/5, ஐஎஸ்ஓ 640 வையுங்கள். ஷட்டர் வேகம் ஒன்றாகவே இருக்கட்டும். இரண்டையும் 24×30-இல் அச்சிட்டு, பின்பக்கம் மட்டும் குறியிட்டு, வேறொருவரைக் கலைத்து வைக்கச் சொல்லிவிட்டுப் பாருங்கள்.