சூழல் மாசிலிருந்து ஓர் அரக்கனை எப்படி உருவாக்குவது?

கேள்வி இதுதான்: பகடை உருட்டி விளையாடும் ஃபான்டசி ரோல்பிளே விளையாட்டுக்குச் சூழல் மாசிலிருந்து பிறந்த ஓர் அரக்கன் வேண்டும், ஆனால் அது வழக்கமான பச்சைச் சேற்றுப் பூதமாக இருக்கக் கூடாது. நான் மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கிறேன். கூட்டாளிமாருக்கு இந்த விளையாட்டைக் கேம் மாஸ்டராக நடத்துகிறவன். வாவி பக்கத்திலேயே இருப்பதால் அரக்கனைத் தேடித் தூரம் போக வேண்டி வரவில்லை.

உருவத்தில் தொடங்காதீர்கள். நீங்கள் எடுத்துக்கொண்ட மாசு உண்மையில் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பாருங்கள். அந்த வேலையையே விளையாட்டின் விதியாக்குங்கள். பச்சை நிறம், நாற்றம், நச்சுத் துப்பல் எல்லாம் யாரும் போடலாம். போட்டால் நாலு வாள்வெட்டு, உயிர்ப்புள்ளி (எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு) பூச்சியம், எல்லாரும் தேத்தண்ணி குடிக்க எழும்பிவிடுவார்கள். மாசு அப்படிச் சாகிற சாதி இல்லை.

(உருவம் என்றதும் ஒரு விஷயம். இந்த வகை விளையாட்டுகளுக்கு முன்னோடியான டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் 1974இல் வந்தது. அதன் ஆரம்பகாலப் பிராணிகளில் ரஸ்ட் மான்ஸ்டர் (இரும்பைத் துருவாக்கித் தின்னும் பிராணி) மாதிரிச் சிலவற்றை, கடையில் பையோடு விற்ற மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்துத்தான் அந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் உருவாக்கினார். பிளாஸ்டிக்கிலிருந்து அரக்கன் பிறப்பது இந்த விளையாட்டின் பரம்பரையிலேயே இருக்கிறது. உருவத்துக்காக மண்டையை உடைக்கத் தேவையில்லை என்று சொல்ல வந்தேன்.)

எங்கள் வாவி ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரைக்கும் 50 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. மேற்கே படுவான்கரை, வயல் பூமி. கிழக்கே எழுவான்கரை, கடைகளும் வீடுகளும் நெருங்கிய ஊர்கள். மாரியில் படுவான்கரை வயல்களில் போட்ட பசளை மழையோடு கழுவுப்பட்டு வாவிக்குள் வரும். இந்தப் பக்கத்துக் கான் (வடிகால்) தண்ணீரும் அதே இடத்துக்குத்தான் வரும். இரண்டிலும் இருக்கிற நைதரசனும் பொசுபரசும் பாசிக்கும் தண்ணீரில் மிதந்து பரவும் ஆற்றுவாழைச் செடிக்கும் விருந்து. ஆற்றுவாழை தோதான தண்ணீர் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகும்.

இனித்தான் எங்களுக்கு வேண்டிய பகுதி. பாசி பகலில் வெயிலை வைத்துத் தண்ணீருக்குள் ஒட்சிசனை விடும். இரவில் அதுவே மூச்செடுக்கும், விடாது. செத்த பாசியும் செடியும் அடியில் அழுகும்போது அவற்றைத் தின்னும் பற்றீரியாக்களும் ஒட்சிசனை உறிஞ்சும். அதனால் தண்ணீரில் ஒட்சிசன் மிகவும் குறைவது விடியப்போகும் நேரத்தில். லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்களுக்குக் கஷ்டம்தான். மீன் கூட்டமாகச் செத்து மிதப்பதைக் காலையில் காண்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். இரவில் யாரோ நஞ்சு ஊற்றினார்கள் என்று ஊரில் கதை கிளம்பும். சில நேரம் அது சரியாகவும் இருக்கலாம், ஆனால் நஞ்சே இல்லாமலும் இது நடக்கும்.

இதை அப்படியே எடுத்துத்தான் மூச்சுண்ணி என்ற என் அரக்கனைச் செய்தேன். மூச்சுண்ணிக்குத் தாக்குதலே கிடையாது. பல்லும் இல்லை, நகமும் இல்லை. பகலில் அதன் மேல் தோணியில் போகிறவருக்கு ஓர் உயிர்ப்புள்ளி கூடுதலாகக் கிடைக்கும். இருட்டினால் கதை மாறும்: தண்ணீரிலோ கரையிலோ நிற்கிற ஒவ்வொருவரும் மணிக்கு ஒருதரம் 20 முகப் பகடையை உருட்ட வேண்டும், தவறினால் ஒரு மூச்சுப் புள்ளி போகும். விடியலுக்கு முந்திய கடைசி ஒரு மணித்தியாலத்தில் இரண்டு புள்ளி. பந்தம் அணையும். மந்திரம் சொல்ல வாய் திறந்தால் சத்தம் வராது.

அதற்கு நிலையான உயிர்ப்புள்ளியும் கிடையாது. விளையாட்டில் ஒரு வாரம் கழியும்போதெல்லாம் கேம் மாஸ்டர் படுவான்கரைக்கு ஒரு பகடை, எழுவான்கரைக்கு ஒரு பகடை உருட்டுவார். விழுகிற எண் இரண்டும் மூச்சுண்ணியின் உடம்பில் கூடும். நல்ல வாள்காரன் ஒருவன் பாய்ந்து வெட்டினால் வெட்டுப்படத்தான் செய்யும். வெட்டின துண்டைத் தண்ணீரிலேயே விட்டால் அது அழுகி, அடுத்த இரவு இரட்டிப்பு மூச்சை இழுக்கும். கரைக்கு இழுத்துப் போட்டால்தான் கணக்கில் குறையும். ஆற்றுவாழையை மருந்தடித்துச் சாகவிட்டுத் தண்ணீரிலேயே கிடத்தினால் நடப்பதும் இதுதான், நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

எங்கள் மேசையில் வாள்காரனாக விளையாடுகிறவன் அக்கரைப்பற்று நண்பன். முதல் இரவு வெட்டித் தள்ளிவிட்டு, "மச்சான், இதென்ன வெட்ட வெட்டப் பெருக்குது, உன்ர கணக்குப் பிழை" என்றான். கணக்குச் சரி. இந்த அரக்கனின் சாரமே அந்த இடத்தில்தான் இருக்கிறது.

பலவீனம் ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் விளையாடுகிறவர்கள் உங்களை வெட்ட வருவார்கள். மூச்சுண்ணிக்கு உப்பு ஆகாது. ஆற்றுவாழைக்கு உப்புத் தண்ணீர் ஒத்துவராது என்பது நிஜம். வாவி கடலோடு சேருகிற முகத்துவாரம் கோடையில் மணல் மூடிக் கிடக்கும், வெள்ளக் காலத்தில் வெட்டிவிடுவார்கள். அதை எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரரும் மீன்பிடிகாரரும் ஒரே எண்ணத்தில் இருப்பதில்லை. விளையாட்டில் அதை அப்படியே வைத்தேன். முகத்துவாரத்தை வெட்டினால் கடல் ஏறி மூச்சுண்ணி பாதியாகச் சுருங்கும். ஆனால் வெட்டுவதற்கு இரண்டு கரையின் சம்மதமும் வேண்டும். பெரிய போடியாரை (நிறைய வயல் வைத்திருப்பவரை) ஒரு பக்கம் சமாளிக்க வேண்டும், வலைக்காரரை இன்னொரு பக்கம். மந்திரவாதியை விட நன்றாகக் கதைக்கத் தெரிந்தவன் இங்கே பெறுமதியானவன்.

"அப்ப பசளையை நிப்பாட்டினாச் சரிதானே?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். நிப்பாட்ட விடுங்கள். 2021இல் இந்த நாட்டில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்து, விளைச்சல் விழுந்து, அந்த வருடம் முடிவதற்குள்ளேயே தடையைத் திருப்பி எடுத்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். அதனால் படுவான்கரைப் பகடையை ஒரே நாளில் பூச்சியமாக்கினால் மூச்சுண்ணி மெலியும், அடுத்த அறுவடையில் ஊரும் மெலியும். படிப்படியாகக் குறைத்தால் காலம் பிடிக்கும், அதற்குள் அது இன்னும் இரண்டு சுற்று வளரும். எந்த வழி சரி என்று நான் சொல்வதில்லை, அது மேசையில் இருப்பவர்கள் பாடு.

அரக்கனை அறிமுகப்படுத்துவதிலும் கவனம் வேண்டும். எங்கள் பக்கத்துக் கூத்தில் எந்த ராசாவும் வரவு (அறிமுகப் பாட்டும் ஆட்டமும்) இல்லாமல் களரிக்கு, அதாவது ஆடுமிடத்துக்கு, வரமாட்டார். அரக்கனுக்கும் ஒரு வரவு கொடுங்கள், ஆனால் அது அதிர்ஷ்டம் மாதிரித் தெரியட்டும். தண்ணீரில் மூச்சுக் குறையும்போது நண்டும் இறாலும் கரையோரத்துக்கு ஏறி வரும், மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். கொக்குகள் வரிசையாக வந்து நிற்கும். பிள்ளைகள் கையாலேயே மீன் அள்ளுவார்கள். முதல் காட்சியில் ஊருக்குத் திருவிழா மாதிரிப் படவேண்டும். அப்புறம், வாவிக்குள் பௌர்ணமி இரவில் பாடுவதாகச் சொல்லும் பாடும் மீனை இழுக்காமல் மட்டக்களப்பான் எதையும் எழுதினால் ஊருக்குள் விடமாட்டார்கள், ஆகவே மூன்றாவது காட்சியில் பௌர்ணமி இரவு: பாலத்தடியில் துடுப்பைத் தண்ணீரில் விட்டுக் காதில் வைத்துக் கேட்கிறார்கள், ஒன்றும் கேட்கவில்லை. விவரம் தெரிந்த ஆள் மேசையில் இருந்தால் அந்த இடத்திலேயே நிமிர்ந்து உட்காருவார்.

உள்ளூர்ப் பேய்களை மாசோடு கலக்கலாமா? கொள்ளிவாய்ப் பேய் பொருந்தும். சதுப்பிலும் குப்பை மேட்டிலும் அழுகலிலிருந்து மெதேன் வாயு கிளம்புகிறது, அதற்கு நெருப்புப் பிடிக்கும், அவ்வளவு போதும். காளி, வைரவர் பக்கம் போகாதீர்கள். எனக்கு வீட்டில் சோறு வேண்டும்.

நீங்கள் அம்பாறைப் பக்கம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. பள்ளக்காட்டுக் குப்பை மேட்டுக்குக் காட்டு யானைகள் வந்து, சாப்பாட்டு வாசம் ஒட்டிய பொலித்தீனையும் சேர்த்துத் தின்று செத்துப்போகின்றன. எட்டு வருடத்தில் 20 யானை அளவில் அப்படிப் போயின என்று 2022 தொடக்கத்தில் செய்தி வந்தது. பொலித்தீன் செரிக்காது, வயிற்றை அடைத்துக்கொள்ளும், யானை பிறகு தின்னாது, குடிக்காது. இதைப் பார்த்துவிட்டு யானையை அரக்கனாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது, செத்தது யானை. அரக்கனாக வேண்டியது அந்த மேடு. அதற்குப் பக்கத்தில் பசியோடு போகிற எவருக்கும் நல்ல சாப்பாடு ஒன்று கண்ணில் படும். சாப்பிட்டால் உயிர்ப்புள்ளி உடனே நிறையும், ஆனால் உச்ச அளவு ஒவ்வொரு தடவையும் ஒன்றொன்றாக இறங்கும். எப்போதும் நிறைந்தபடியே இருப்பார்கள், அந்த நிறைவு மட்டும் சுருங்கிக்கொண்டே வரும். இதை நான் விளையாட்டுக்காரரிடம் சொல்லமாட்டேன், அவர்கள் தங்கள் தாளைப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும்.

அனுபவப் புள்ளி (விளையாடுகிறவர் பாத்திரம் வளரக் கிடைக்கும் பரிசு) விஷயத்திலும் கை வையுங்கள். அரக்கனைக் கொன்றால் மட்டுமே புள்ளி என்று வைத்தால் நான் மேலே சொன்ன அத்தனையும் வீண், எல்லாரும் திரும்ப வாளைத் தூக்குவார்கள். எங்கள் மேசையில் மூச்சுண்ணி வளராமல் ஒரு வாரம் கழிந்தால் புள்ளி உண்டு. இரண்டு கரைச் சனமும் ஒரே நாளில் மண்வெட்டியோடு முகத்துவாரத்துக்கு வந்தால் முழுப் புள்ளி. அதை இன்னும் ஒருவரும் வாங்கவில்லை. வாள்காரன் இப்போது படுவான்கரை வட்டவிதானைக்கு (வயல் காரியங்களைக் கவனிக்கும் தலைவருக்கு) காசு கொடுத்துப் பார்க்கிறான். அதற்குப் பகடையில் 18க்கு மேல் விழவேண்டும் என்று வைத்திருக்கிறேன்.