மைதானம், பழைய கட்டடம், பிள்ளைகளின் பேச்சு: மூன்றையும் ஃபைலில் ஏற்றுவது எப்படி?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருக்கோடியில் மாநகராட்சி மைதானம் ஒன்று இருக்கிறது. அதன் ஓரத்தில் மெட்ராஸ் டெரஸ் கூரை போட்ட பழைய கட்டடம். முன்பு படிப்பகமாக இருந்தது. இப்போது சாயங்காலத்தில் பிள்ளைகள் கேரம் ஆடுகிறார்கள், குத்துச்சண்டை பழகுகிறார்கள். அதை இடித்து, மைதானத்திலும் பாதியை எடுத்து, சமூக நலக்கூடம் கட்டப்போவதாகப் பேச்சு. அங்கே விளையாடும் பிள்ளைகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளைகள் சொல்வதையும் கட்டடத்தின் பழமையையும் மாநகராட்சி கணக்கில் எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் உண்டா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மைதானம், கட்டடம், பிள்ளைகள் மூன்றுக்கும் சட்டத்தில் ஒரே பலம் கிடையாது. மைதானத்துக்குத்தான் அதிகம். கட்டடத்துக்கு, பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் பெயர் இருந்தால் உண்டு. பிள்ளைகளைக் கேட்டே தீர வேண்டும் என்று மாநகராட்சியைக் கட்டிப்போடும் தனி விதி சென்னையில் இல்லை. அதனால் பிள்ளைகளின் பேச்சைத் தனியாகக் கொண்டுபோனால் "பார்க்கலாம்மா" என்ற பதிலோடு நின்றுவிடும். மற்ற இரண்டோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தால்தான் ஃபைலில் ஏறும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரிய வேண்டும். கவுன்சிலரின் கோரிக்கை, வார்டு உதவிப் பொறியாளரின் எஸ்டிமேட், தொகையைப் பொறுத்து மண்டலக் குழுவோ நிலைக்குழுவோ மாமன்றமோ தரும் ஒப்புதல், டெண்டர், பணி ஆணை. ஏறக்குறைய இதுதான் வரிசை. எஸ்டிமேட் போடும் முன் போனால் வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்றுவதோடு காரியம் முடியும். டெண்டர் வந்துவிட்டால் அவகாசம் குறைவு: தமிழ்நாடு டெண்டர் விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்கு ஒப்பந்தப்புள்ளி கொடுக்கக் குறைந்தபட்ச அவகாசமே 15 நாள்தான், அதற்கு மேற்பட்ட பணிக்கு 30 நாள். பணி ஆணை கைமாறிய பிறகு அதிகாரிகள் அசைய மாட்டார்கள். ஒப்பந்ததாரருக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் அவர்கள் இருப்பார்கள்.

1913-க்கு போன் போடாதீர்கள். அது குப்பைக்கும் தெருவிளக்குக்கும் நல்ல எண். இந்த மாதிரி விஷயத்தில் "தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வரும், அவ்வளவுதான். ராயபுரம் மண்டல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் இடிக்கிறீர்கள்?" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று தள்ளிவிடுவார்கள். நகல்களைக் கேளுங்கள்: இந்த இடத்துக்கான எஸ்டிமேட், வரைபடம், தீர்மானம், கட்டடத்தின் உறுதித்தன்மை அறிக்கை, நிலத்தின் சர்வே எண்ணும் வகைப்பாடும். கூடவே "கோப்பை நேரில் பார்வையிட விரும்புகிறேன்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. நகலில் வராத கைக்குறிப்புகள் கோப்பில் கண்ணில் படும்.

அந்தச் சட்டம் 'குடிமக்கள்' என்றுதான் சொல்கிறது, வயது வரம்பு வைக்கவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளையே தன் பெயரில் மனு போடலாம். முகவரியை மட்டும் பெற்றோர் மூலமாகக் கொடுங்கள்.

இனி மைதானம். 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் பலருக்குத் தெரியாத சட்டம். அதன்படி வெளியிடப்பட்ட பட்டியலில் இருக்கும் திடலை, அரசின் முன் அனுமதி இல்லாமல் வேறு காரியத்துக்குப் பயன்படுத்த முடியாது. வட்டாரத்தில் ஒப்புதல் ஆகிவிட்டது என்பது மட்டும் போதாது. உங்கள் மைதானம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதை அதே மனுவில் கேளுங்கள். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த தீர்ப்பு, பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கு, இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. உங்கள் மனுவில் ஒரு வரியாக அதையும் குறிப்பிடலாம்.

மைதானம் பறிபோவது எப்போதும் கட்டடத்தால் மட்டும் இல்லை. 'மேம்பாடு' என்ற பெயரில் பேவர் பிளாக், சுற்றி நடைபாதை, நடுவில் புல்வெளி, ஓரத்தில் ஓப்பன் ஜிம் என்று வந்து, பந்து உதைக்க இடமே இல்லாமல் போன திடல்கள் உண்டு. கணக்கில் அது பூங்காதான், சட்டத்தை மீறியதாகவும் தெரியாது. அதனால் 'மைதானத்தைக் காப்பாற்றுங்கள்' என்று மட்டும் எழுதாமல் அளவைக் குறிப்பிடுங்கள். ஐவர் கால்பந்துக்குக் குறைந்தது 25 மீட்டர் நீளமும் 16 மீட்டர் அகலமும் தேவை. கோட்டுக்கு வெளியே நாலாபுறமும் ஒன்றிரண்டு மீட்டர் காலியாக இருக்க வேண்டும். டேப் பிடித்து அளந்து, புதிய வரைபடத்தில் இந்த அளவு மிஞ்சுகிறதா என்று பாருங்கள். மிஞ்சவில்லை என்றால் அதுவே உங்கள் முதல் வாதம். கால்பந்துக்காகக் 'குட்டி பிரேசில்' என்று பெயர் எடுத்த வியாசர்பாடிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இந்தக் கணக்கைப் பொறியாளருக்குச் சொல்லித்தர வேண்டியிருப்பது வேடிக்கைதான்.

கட்டடத்துக்கு வருவோம். பழசு என்பதால் மட்டும் சட்டம் காப்பாற்றாது. நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த பட்டியலில் சென்னையின் 467 கட்டடங்கள் இருக்கின்றன. அவற்றை சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் குழுவைக் கேட்காமல் இடிக்கக் கூடாது என்பது, அண்ணாசாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டட வழக்கில் 2010-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் இருக்கும் சி.எம்.டி.ஏ. அலுவலகத்தில் இதை எழுத்தில் கேட்கலாம். இன்னொன்றையும் சரிபாருங்கள். உங்கள் பக்கத்தில்தான் மாடிப் பூங்கா இருக்கிறது. அது பழைய மதராஸ் நகரச் சுவரின் மிச்சம், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டத் தடை. அதற்கு அடுத்த 200 மீட்டருக்குத் தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்தின் வழியாக அனுமதி வாங்க வேண்டும். உங்கள் மைதானம் அந்தத் தூரத்துக்குள் வந்தால் கதையே வேறு.

இரண்டிலும் இல்லை என்றால் இடிப்பதற்குச் சொல்லும் காரணத்தைச் சோதியுங்கள். பெரும்பாலும் 'சிதிலமடைந்துள்ளது' என்று ஒரே சொல்லில் இருக்கும். மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லை நெட்டாக நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கி, மேலே தட்டோடு பதித்த கூரை. அதில் விரிசல் விட்டால் உடனே கூரை விழப்போகிறது என்று பொருள் இல்லை. வழக்கமாக நடப்பது இதுதான்: மொட்டை மாடியின் தண்ணீர்ப் போக்கி இலைதழையால் அடைபடும், தேங்கிய நீர் சுவர் வழியாக இறங்கும், சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தரத்தின் முனை மக்கும். முனையை வெட்டிச் சேர்க்கலாம், ஒவ்வொரு உத்தரமாகவும் மாற்றலாம். சுவரில் வேறு சிக்கல். சுண்ணாம்புக் காரையைச் சுரண்டிவிட்டு யாரோ ஒரு முறை சிமென்ட் பூசியிருப்பார்கள். ஈரம் வெளியே வர முடியாமல் உள்ளேயே தங்கும், கடல்காற்றின் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து செங்கல்லை மாவாக்கும், சில மழைக்காலத்திலேயே பூச்சு பாளம் பாளமாக விழும். பார்க்கிறவருக்குக் கட்டடமே போய்விட்டது போலத் தெரியும். விழுந்த இடத்தில் விரலால் அழுத்திப் பாருங்கள். மேல் தோலில் மட்டும் பொடி உதிர்ந்து, உள்ளே செங்கல் கெட்டியாக இருந்தால் அநேகமாகப் பழுது பார்க்கக்கூடிய சுவர்தான். இதெல்லாம் முடிவான தீர்ப்பு அல்ல. ஆனால் மரபுக் கட்டட அனுபவம் உள்ள பொறியாளரின் இரண்டாவது கருத்தைக் கேட்க இது போதும். அதுவரை அந்தக் கூரைக்கு அடியில் பிள்ளைகளைப் பயிற்சிக்கு விடாதீர்கள். ஒரு துண்டுக் காரை விழுந்து ஒருவருக்கு அடிபட்டால் அடுத்த வாரமே ஜேசிபி வந்துவிடும்.

பிள்ளைகள். 1992-ல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தங்களைப் பாதிக்கும் விஷயத்தில் பிள்ளைகள் கருத்துச் சொல்லலாம், அதற்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புத் தர வேண்டும் என்கிறது. 31-ஆம் பிரிவு விளையாட்டையும் பண்பாட்டு வாழ்வில் பங்கேற்பதையும் ஒரே மூச்சில் சொல்கிறது. வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரையையும் கேரத்தையும் பேச இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. 2013-ஆம் ஆண்டின் தேசியக் குழந்தைகள் கொள்கையும் பங்கேற்பை முக்கிய அம்சமாக வைக்கிறது. இவற்றைக் காட்டிக் கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. கேட்பது வேறு, கேட்டபடி செய்வது வேறு.

2022-ல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டிலும் கிராம சபை போலப் பகுதி சபை உண்டு. ஆனால் அதன் உறுப்பினர்கள் வாக்காளர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர் பேசலாமா என்று அங்கே போய் வாதம் செய்து நேரத்தைக் கழிக்காதீர்கள். பிள்ளைகளின் அறிக்கையைப் பெற்றோர் தாக்கல் செய்து, கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லி, ஏற்றியதைப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். பக்கத்துச் சென்னைப் பள்ளியின் (மாநகராட்சிப் பள்ளி) மேலாண்மைக் குழுவில் ஒரு தீர்மானமும் வாங்குங்கள். அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. கவுன்சிலர் தலைமையில் இயங்க வேண்டிய வார்டு குழந்தைகள் பாதுகாப்புக் குழுவிலும் பிள்ளைகளின் பிரதிநிதிகளுக்கு இடம் உண்டு, உங்கள் வார்டில் அது கூடுகிறது என்றால்.

அறிக்கையைத் தயாரிப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் நீச்சல் குளம், சறுக்கு மரம் என்று வரும். "எந்த மூலைக்குப் போக மாட்டீங்க? ஏன்?" என்று கேளுங்கள். எட்டுப் பத்துப் பேராக, வயதுவாரியாகப் பிரியுங்கள். பெண் பிள்ளைகளைத் தனியாக உட்காரவையுங்கள், இல்லாவிட்டால் கால்பந்துக்காரப் பையன்கள் மட்டுமே பேசி முடித்துவிடுவார்கள். சார்ட்டில் மைதானத்தை வரைந்து ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். சொன்னதை அவர்கள் மொழியிலேயே எழுதுங்கள், செந்தமிழாக்காதீர்கள். ஒரே கையெழுத்தில் நூறு மனு கொண்டுபோனால் யார் எழுதிக் கொடுத்தது என்று முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

கூடவே ஒரு வாரத்துக்குத் தலை எண்ணுங்கள்: காலை 6 முதல் 8, மாலை 4 முதல் 7, ஞாயிறு முழுவதும். ஆண், பெண், ஏறக்குறைய வயது, என்ன விளையாட்டு. "பிள்ளைகளின் எதிர்காலம் பாழாகிறது" என்ற வரிக்குச் செயற்பொறியாளர் எதுவும் எழுத முடியாது. "மாலை 5 மணிக்குச் சராசரியாக இத்தனை பிள்ளைகள், அதில் இத்தனை பெண்கள், புதிய வரைபடத்தில் மிஞ்சும் இடம் இத்தனை மீட்டர், ஐவர் கால்பந்துக்குக்கூட அது போதாது" என்ற வரிக்கு ஏதாவது எழுதியே ஆக வேண்டும். மனுவில் பிள்ளைகளின் பெயரும் படமும் வேண்டாம், முதலெழுத்தும் வயதும் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள்: நலக்கூடமே வேண்டாம் என்று எழுதிவிடாதீர்கள். பத்துக்குப் பத்து வீடுகள் நிறைந்த பகுதியில் காதுகுத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் குறைந்த வாடகையில் ஒரு கூடம் நிஜமாகவே தேவை. அதைக் கேட்டவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். மாநகராட்சிக்குச் சொந்தமான வேறு காலி மனையைக் காட்டுங்கள். இல்லையென்றால் பழைய கட்டடத்தை ஒட்டிக் கொஞ்ச இடத்தில் மாடி எடுத்து, தரைத்தளத்தைப் பிள்ளைகளின் பயிற்சிக்கு விடும் வரைபடத்தைக் கொடுங்கள். 2024 மார்ச்சில் தொடங்கிய வடசென்னை வளர்ச்சித் திட்டத்தில் சி.எம்.டி.ஏ.வுக்கும் பங்கு இருப்பதால், மனுவின் ஒரு பிரதியை அங்கேயும் கொடுத்து முத்திரை போட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

எதற்கும் பதில் இல்லாமல் வேலி அடைக்கத் தொடங்கிவிட்டால், மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு புகார், 1959 சட்டத்தை அடிப்படையாக வைத்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. வக்கீல் செலவை நினைத்துப் பின்வாங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கான அலுவலகம் இருக்கிறது. போகும்போது தகவல் உரிமைப் பதில், ஒப்புகைச் சீட்டுகள், பள்ளிக் குழுத் தீர்மானம், தலை எண்ணிக்கைத் தாள், தேதி தெரியும் புகைப்படங்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி இரண்டு செட் எடுத்துப் போங்கள்.